குடித்தவன் கையில் துப்பாக்கி



கஞ்சா புகைப்பவன் துப்பாக்கி வைத்திருக்கலாமா? இவ்வினா அண்மை ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நீதிமன்றங்களைப் பெரிதும் ஆட்கொண்டுள்ளது. நம் நாட்டில் துப்பாக்கி என்பது உரிமம் பெற்ற சிலரிடம் மட்டுமே இருக்கும் பொருள். ஆதலால் இது நமக்குத் தொலைவான வழக்கு என்று தோன்றலாம். ஆனால் அவ்வழக்குகளில் எழுந்த ஒரு வாதம் நம் இல்லங்களிலும் அடிக்கடி ஒலிப்பதாகும். "நம் முன்னோரும் குடித்தவர்கள்தாமே?" என்பதே அது.

முதலில் வழக்கின் வரலாற்றைக் காண்போம். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் 1791இல் உறுதி செய்தது. 1963இல் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடியும், 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அத்துயரின் பின்னணியில் 1968இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. போதைப்பொருளைச் சட்டத்திற்குப் புறம்பாகப் பயன்படுத்துவோர் துப்பாக்கி வைத்திருத்தல் அதன்படி குற்றமாயிற்று. 2022இல் இக்குற்றத்திற்கான உச்ச தண்டனை 15 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது.

இதற்கிடையே, கலிபோர்னியா மாநிலம் 1996இல் கஞ்சாவை மருந்தாக அனுமதித்தது. கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்கள் 2012இல் பொதுப் பயன்பாட்டிற்கே அனுமதித்தன. வேறு பல மாநிலங்களும் அவற்றைப் பின்பற்றின. எனினும் நடுவண் சட்டத்தில் தடை நீடித்தது. ஆகவே, நோயின் வேதனை தணிய மாநிலத்தின் அனுமதியோடு கஞ்சாவை உட்கொள்ளும் ஒருவர், தம் வீட்டில் வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றவாளியாகக் கூடிய விந்தையான நிலை உருவாயிற்று.

2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முக்கியமானதொரு நெறியை வகுத்தது. துப்பாக்கி உரிமையைக் கட்டுப்படுத்தும் எச்சட்டமும் அந்நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்தியதாக இருத்தல் வேண்டும் என்பதே அந்நெறி. கஞ்சா பயன்படுத்துவோரை அக்காலச் சட்டங்கள் குறிப்பிடவில்லை. எனவே நீதிபதிகள் குடிகாரரைப் பற்றிய பழஞ்சட்டங்களைத் தேடலாயினர்.

அவர்கள் கண்ட வரலாறு வியப்பிற்குரியது. ஜார்ஜ் வாஷிங்டன் 1758இல் வர்ஜீனியா சட்டமன்றத் தேர்தலில் நின்றபோது வாக்காளருக்கு ரம் முதலிய மதுவகைகளைத் தாராளமாக வழங்கினார். 1797இல் தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அவர் தொடங்கிய சாராய ஆலை 1799இல் ஏறத்தாழ 11,000 காலன் விஸ்கி வடித்தது. 1830ஆம் ஆண்டளவில், 15 வயதைக் கடந்த அமெரிக்கர் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 27 லிட்டர் தூய சாராயத்திற்கு நிகரான மதுவை அருந்தினார் என வரலாற்றறிஞர் கணக்கிடுகின்றனர்.

இத்தகைய மக்கள் நடுவில் சட்டம் என்ன செய்தது? திருமணமும் அடக்கச் சடங்கும் தவிர்த்த குடிவிருந்துகளில் துப்பாக்கி சுடுவதை வர்ஜீனியா 1655இலேயே தடைசெய்தது. அந்நாளில் வேட்டொலியே ஆபத்தை அறிவிக்கும் அடையாளமாகும். குடிவெறியர் வீணே சுட்டால் உண்மை அபாயத்தை எவரும் அறியார். நியூயார்க் 1771இல் புத்தாண்டுக் கொண்டாட்ட நாள்களில் துப்பாக்கி சுடுவதைத் தடுத்தது. போதையில் இருப்பவர் கைத்துப்பாக்கி ஏந்துவதைக் கன்சாஸ் மாநிலம் 1867இல் குற்றமாக்கியது. இச்சட்டங்கள் போதையுற்ற வேளையைக் கட்டுப்படுத்தினவே அன்றி, குடிப்பழக்கம் உடையவர் என்பதற்காக ஒருவரின் ஆயுதத்தை என்றென்றைக்குமாகப் பறிக்கவில்லை.

இதனை அடிப்படையாகக் கொண்டு, ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் மிசிசிப்பியைச் சேர்ந்த ஒருவரின் தண்டனையை நீக்கியது. அவர் வண்டியில் துப்பாக்கிகளும் கஞ்சாத் துண்டுகளும் கிடைத்தன. ஆனால் அவ்வேளையில் அவர் போதையில் இருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. இதையொத்த டெக்சாஸ் வழக்கொன்றை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே விசாரணைக்கு ஏற்றது.

இவ்வாதத்தில் நீதி இல்லாமல் இல்லை. மனிதச் சட்டம் எல்லாத் தீய பழக்கங்களையும் தண்டிக்க முயலாமல், பிறருக்குத் தீங்கிழைத்துச் சமூக வாழ்வைக் குலைப்பனவற்றையே முதன்மையாகத் தடுக்க வேண்டும் என்று புனித அக்குவினாஸ் தோமையார் 13ஆம் நூற்றாண்டிலேயே கற்பித்துள்ளார். நேற்று இரவு மருந்துண்டு இன்று தெளிந்திருப்பவனையும், போதையில் தள்ளாடியவாறு துப்பாக்கியைத் தூக்குபவனையும் ஒரே தட்டில் நிறுப்பது நீதியாகாது.

ஆயினும், சட்டம் தண்டியாமல் விடுவதெல்லாம் நன்று ஆகிவிடுமோ? முன்னோர் செய்ததெல்லாம் அறமாகிவிடுமோ? நீதிமன்றம் வரலாற்றைப் புரட்டுவது எந்தச் சட்டம் இருந்தது என்று அறிவதற்காக. நாமோ அதே வரலாற்றில், அம்மக்கள் எதற்காக வருந்தி மனம் திரும்பினார்கள் என்பதையும் வாசிக்க வேண்டும். அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ், வடித்த மதுவின் கேடுகளை விளக்கி 1784இல் நூல் எழுதினார். 1826இல் பாஸ்டனில் மதுவொறுப்புச் சங்கம் எழுந்தது. ஊர்தோறும் மக்கள் உறுதிமொழி ஏற்றனர். மேய்ன் மாநிலம் 1851இல் மதுவிலக்குச் சட்டம் இயற்றுவதற்கு முன்பே, அந்நாட்டு மக்கள் குடித்த அளவு பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. அயர்லாந்தின் கப்புச்சின் துறவி தியோபால்டு மத்தேயு அடிகளார் 1849 முதல் 1851 வரை அமெரிக்க நகரங்களில் பயணம் செய்து இலட்சக்கணக்கானோரிடம் மதுவொறுப்பு உறுதிமொழி பெற்றார். எனவே, முன்னோர் குடித்தது உண்மை. அவர்களுள் மிகப் பலர் குடியைக் குறைத்ததும் விட்டதும் அதே அளவு உண்மை. முதற்பாதியை மட்டும் சான்றாகக் காட்டுவது முன்னோருக்கே இழைக்கும் அநீதி.

திருச்சபையின் படிப்பினை இங்குத் தெளிவாக உள்ளது. கானாவூரில் ஆண்டவர் திராட்சை இரசத்தை ஆசீராக அளித்தார். அளவோடு பருகுவதைத் திருச்சபை பாவம் என்று சொல்வதில்லை. ஆனால் மருத்துவக் காரணமின்றிப் போதைப்பொருளை உட்கொள்வது பெருந்தவறு என்று 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு கூறுகிறது. குடிவெறியாலோ வேகத்தின் மீதுள்ள மோகத்தாலோ சாலையில் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் இடர் விளைவிப்போர் கடும் குற்றத்திற்கு உள்ளாகின்றனர் என்றும் அது எச்சரிக்கிறது.

அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகளே. மயங்கிய மதியும் கைக்கெட்டும் கருவியும் ஒரு நொடியில் சேர்ந்தால் போதும். பின்னர் வருந்துவதற்கும் வழியில்லை. நம் இல்லங்களில் துப்பாக்கி இல்லை. ஆனால் இருசக்கர வண்டியின் சாவி உண்டு, பூச்சிமருந்துப் புட்டி உண்டு, ஓங்கிய கையும் உண்டு. பங்குப் பணியில் நான் நிறைவேற்றிய அடக்கச் சடங்குகளில் சிலவற்றின் பின்னே மது இருந்தது. அவ்வேளைகளில் எந்தத் தாயும் என்னிடம், "அவன் தாத்தாவும் குடித்தார், சாமி" என்று ஆறுதல் தேடியதில்லை.

ஆதலின் குடும்பத்தினரே, அப்பழஞ்சட்டங்களின் விவேகத்தை இல்லத்தில் கடைப்பிடியுங்கள். குடித்து வந்தவரிடமிருந்து அன்றிரவே சாவியை வாங்கி வையுங்கள். அது அவமதிப்பு அன்று, அன்பின் கடமை. மறுநாள் தெளிந்தபின் அவரோடு அமர்ந்து, கனிவோடு பேசி, ஓர் உறுதிமொழிக்கு அழைத்துச் செல்லுங்கள். கையிலுள்ள கருவியை ஓர் இரவுக்கு வாங்கி வைக்கச் சட்டத்தால் இயலும். கிண்ணத்தைக் கீழே வைக்கும் மனத்தை இறையருளும் இல்லத்தாரின் பொறுமையுமே அளிக்க வல்லன.