சத்திரத்தில் தங்கிய அணி

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரத்திலிருந்து மேற்கே பயணம் செய்து, கோவை நேரு விளையாட்டரங்கை அடைந்தோம். 'சென்னை சிட்டி' கால்பந்தாட்ட அணி பெயரளவில் சென்னையாயினும், தன் இல்லமாகக் கொண்டது இவ்வரங்கையே. 2019 மார்ச் 9 அன்று, முதலில் பின்தங்கியிருந்தும், மினர்வா பஞ்சாப் அணியை 3–1 என இங்கு வென்று ஐ-லீக் பட்டம் சூடியது. ஒரே புள்ளி குறைந்து ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம் பெற்றது. அப்பருவத்தில் பெத்ரோ மான்சி அடித்த கோல்கள் 21.

பெருந்தொற்றினால் 2021ஆம் ஆண்டு ஆட்டங்கள் வங்காளத்தில் நடைபெற்றன. அதன்பின் அவ்வணி ஐ-லீக்கில் ஆடவில்லை.

சத்திரத்தில் தங்குவோர் விடிந்ததும் புறப்படுவர். அது வழிப்போக்கர் இயல்பு. ஆனால் பெற்றோரின் கைப்பிடித்து வந்து ஆர்ப்பரித்த சிறாருக்கு அவ்வணி வழிப்போக்கனன்று, வீட்டுப்பிள்ளை. பெற்றோரே, அவ்வெற்றியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; உள்ளூர்த் திடலில் அவர்கள் ஆடுகையில் அருகே நில்லுங்கள். அந்த அணி எங்கும் புறப்பட்டுப் போகாது.