பதினாறு வயதும் பட்டாளத்துக் காகிதமும்

பாரிஸ் புறநகரில் வாழும் புதுச்சேரி வீராம்பட்டினத்துக் குடும்பம் ஒன்றில் இந்த வாரம் பெரிய சண்டை. பையனுக்குப் பதினாறு வயது. கார் ஓட்டப் பழகச் சேர்த்துவிடலாம் என்று அழைத்துப்போன அப்பாவிடம், பட்டாளத்துப் பட்டியலில் பெயர் பதிந்த சான்று எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காருக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அம்மாவின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பிள்ளை, ஆணோ பெண்ணோ, பதினாறு முடிந்த மூன்று மாதத்துக்குள் மேரி எனும் நகராட்சி அலுவலகத்துக்குப் போய்த் தேசிய சேவைப் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் தூதரகத்தில் பதியலாம். பதினெட்டுக்குள் ராணுவம் ஒரு நாள் நிகழ்வுக்குக் கூப்பிடும். படைகளைப் பற்றி விளக்குவார்கள், பிரெஞ்சு வாசிக்க வருகிறதா என்று சோதிப்பார்கள், கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். இந்தக் காகிதங்கள் இல்லையென்றால் 25 வயதுவரை பக்கலோரியா எனும் பள்ளி இறுதித் தேர்வு எழுத முடியாது. ஓட்டுநர் உரிமமும் அரசுப் போட்டித் தேர்வும் கிடையாது. கட்டாய ராணுவ சேவையை 1997-ல் சட்டம் போட்டு நிறுத்திவைத்தார்கள். கவனிக்க: ஒழிக்கவில்லை, நிறுத்திவைத்திருக்கிறார்கள். உக்ரைன் போர் நடந்துகொண்டிருக்க, 2025 நவம்பரில் அதிபர் மக்ரோன் பத்து மாத ராணுவ சேவை ஒன்றை, விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று சொல்லி, அறிவித்தார்.

போருக்காகக் குடிமக்களைப் பட்டியல் எடுப்பது பழைய பழக்கம். 1793-ல் எதிரிப் படைகள் சூழ்ந்தபோது நாட்டையே போருக்கு அழைத்தது புரட்சி அரசு. ஆள் எடுக்கப் பட்டியல் வேண்டும், பட்டியல் எழுத அலுவலர் வேண்டும், அவருக்குச் சம்பளம் கொடுக்க வரி வேண்டும். ஐரோப்பிய அரசுகள் இப்படிப் போர் நடத்தியே வளர்ந்தன என்று வாதிட்டவர் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லி. குடியுரிமையும் போரோடு சேர்ந்தே வந்தது: பிரெஞ்சுக் காலனியான செனகலின் நான்கு நகரத்துக் கறுப்பர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று பாரிஸ் சந்தேகமறச் சட்டம் செய்தது 1916-ல். முதல் உலகப் போரின் அகழிகளில் ஆள் குறைந்துகொண்டிருந்த நேரம் அது.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் சொல்தாக்களின் கதையும் இதில் சேர்த்திதான். முதல் உலகப் போரில் உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் நினைவுச் சின்னம் நிற்கிறது. பிறகு இந்தோசீனா, அல்ஜீரியா. இந்தோசீனாவின் சைகோனில் பட்டாளத்திலும் அரசு வேலையிலும் இருந்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தார்கள்.

அந்தப் பிறப்புதான் பின்னால் வேலை காட்டியது. புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்தவர் பிரெஞ்சுக்காரராக நீடிக்க ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும், தவறினால் இந்தியர். சைகோனில் பிறந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை, பிரெஞ்சுக் குடியுரிமை தானாக நீடித்தது. ஒரே வீட்டில் அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியர் என்றாக இதுவே போதும். அந்த ஆறு மாதத்துக்குள் இமயத்தில் சீனப் போரே வந்து முடிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர்.

இந்தியா சீனாவோடும் பாகிஸ்தானோடும் போர் புரிந்த நாடு. ஆனாலும் கட்டாயப் பட்டாளம் கொண்டுவரவில்லை. பதினெட்டு ஆனால் ஓட்டு, அவ்வளவுதான். கார் ஓட்டப் போனால் துப்பாக்கியை யாரும் நினைவூட்டுவதில்லை. அரசு ஊருக்குள் எப்படி வர வேண்டும் என்று பார்க்க ஆடி மாதம் வீராம்பட்டினத்துக்குப் போகலாம்: செங்கழுநீரம்மன் தேருக்குத் துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிக்கிறார். பிரெஞ்சுக் கவர்னர் காலத்து வழக்கம் அது. அந்த நல்ல பழக்கத்தைப் பாரிஸ் தன் ஊரில் கடைப்பிடிக்கவில்லை.

பையனின் பெயரை மறுநாளே பதிந்துவிட்டார்கள். ஆனால் குடியுரிமைச் சான்று கேட்டு வழக்காடும் புதுச்சேரிக் குடும்பங்களிடம் பிரெஞ்சு நீதிமன்றங்கள் இன்றும் 1962–63-ல் எழுதிக் கொடுத்த அந்த விருப்பப் பத்திரத்தைக் கேட்கின்றன. ஊரில் இருப்பவர்கள் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அந்தப் பத்திரமோ பட்டாளத்துச் சேவைப் புத்தகமோ கிடைத்தால், கரையான் அரிக்குமுன் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கடல் கடந்திருக்கும் உறவுக்கு அனுப்பிவையுங்கள்.