கணக்கில் இல்லாத கேள்வி



மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டால் நமக்கெல்லாம் ஒரே கவலைதான்: ப்ராஜெக்ட்! நாலு பேர் கொண்ட பேட்ச், "நூலக மேலாண்மை" என்றொரு தலைப்பு. சீனியரிடம் பென் டிரைவில் வாங்கி, முதல் பக்கத்தில் பெயரை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, வைவாவில் தலையைச் சொறிந்து தப்பித்துவிடுவது நம் டிபார்ட்மெண்டின் நெடுநாள் மரபு. (ஜூனியர்கள் மன்னிக்கவும். உங்கள் வழியை அடைக்கும் எண்ணம் எனக்கில்லை!)

எங்கள் பேட்ச்சும் அப்படித்தான் தப்பித்திருக்கும். ஆனால் எங்களோடு இருந்த தோழி ஒருத்தி வேறொரு தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டாள். "மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பெண்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்க ஓர் இணையப் பக்கம், தமிழில்." பெரியம்மாவை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவள் அவள். தலைப்பை வகுப்பில் வாசித்ததும் பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். மேடம் அதட்டவில்லை. "உங்க வீட்டுல அம்மா, அக்கா யாரும் இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

புரோகிராம் எழுத முதலில் ஒரு சூத்திரம் வேண்டுமே! அது 1989லேயே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் மிட்செல் கெய்லும் அவருடைய குழுவும் உருவாக்கியது. "கெய்ல் மாடல்" என்பார்கள். 1973 முதல் 1980 வரை அமெரிக்காவில் 2.8 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுதோறும் பரிசோதித்த ஒரு பெரிய திட்டத்தின் தகவல்களிலிருந்து பிறந்த கணக்கு அது. அந்த நிறுவனம் இதையே இணையத்தில் ஒரு கால்குலேட்டராக வைத்திருக்கிறது. மூல நிரலையும் யாரும் பார்க்கலாம்.

உள்ளே என்ன பெரிய ரகசியம் என்று பார்த்தால், நம் முதலாம் ஆண்டுக் கணக்குதான். பெருக்கல்! பெரியவளானது 14 வயதிலோ அதற்குப் பிறகோ என்றால் 1.00. 12, 13 வயதில் என்றால் 1.10. அதற்கும் முன்னால் என்றால் 1.21. அடுத்து, முதல் குழந்தை பெற்ற வயதும், அம்மா, உடன்பிறந்த சகோதரி, மகள் இவர்களில் எத்தனை பேருக்கு இந்நோய் வந்தது என்பதும் சேர்ந்து ஒரே அட்டவணை. 20 வயதுக்குள் முதல் பிரசவம், உறவில் யாருக்கும் நோயில்லை என்றால் 1.00. ஒருவருக்கு இருந்தால் 2.61. கடைசியாக, மார்பில் எத்தனை முறை பயாப்ஸி செய்தார்கள் என்பது. 50 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஒரு முறை என்றால் 1.70. எல்லாவற்றையும் பெருக்கி, அந்தந்த வயதில் நோய் வரும் அடிப்படை விகிதத்தோடு சேர்த்தால், அடுத்த ஐந்து ஆண்டில் எத்தனை சதவீத வாய்ப்பு என்று விடை வரும். 1.67 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் "கூடுதல் ஆபத்து" என்பது அங்கே வழக்கம்.

இரண்டே வாரத்தில் பக்கம் ரெடி. ரோஸ் கலர் பின்னணி, தமிழ் எழுத்து, கீழே "கணக்கிடு" என்றொரு பொத்தான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை!

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். வயது 35க்கு மேல் இருக்க வேண்டும். என் அம்மாவுக்கு 40. வாசல் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அம்மா... நீ எத்தனை வயசுல..." அதற்கு மேல் நாக்கு எழவில்லை. பெற்ற தாயிடம் ஒரு பையன் கேட்கிற கேள்வியா அது? தோழிதான் வழி சொன்னாள்: "கேக்காத. போனை அவங்க கையில குடுத்துட்டு நீ வெளியே போ."

அப்படியே செய்தேன். அம்மா எட்டாவது வரை நன்றாகப் படித்து, ஒன்பதாவதில் நின்றவள். போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒம்பதாங் கிளாஸ்ல வச்சுன்னா என்ன வயசுல போடணும்?"

"பதினாலு போடும்மா."

"பயாப்ஸின்னா என்னல?"

"கட்டி இருந்தா அதுலேர்ந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றதும்மா."

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் எடுக்கல" என்றாள்.

அக்கா பிறந்தபோது அம்மாவுக்கு 19. உறவில் யாருக்கும் இல்லை என்று போட்டிருந்தாள். ஒன்றை ஒன்றால் பெருக்கி மறுபடி ஒன்றால் பெருக்கினால்? 1.00! அட்டவணையில் இதற்குக் கீழே எண்ணே கிடையாது. "ஒனக்கு ரொம்பக் கம்மிம்மா, பயமேயில்ல!" என்று துள்ளிக் குதித்துச் சொன்னேன். மார்க் குறைவாக வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

பதினெட்டு நாள் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன ஆச்சி வீட்டுக்கு வந்தாள். என் ஆச்சியின் தங்கை. அம்மாவுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே ஆச்சி இறந்துவிட்டாள். "உடம்புல புண்ணு வந்து செத்தா, யாரோ செய்வினை வச்சுட்டாவ" என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை. ப்ராஜெக்ட் நினைப்பிலேயே இருந்த நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "ஆச்சி, அந்தப் புண்ணு எங்கன இருந்துச்சு?"

சின்ன ஆச்சி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "மாருலதான்யா. மொதல்ல கட்டியாத்தான் இருந்துச்சு, பொறவு ஒடைஞ்சு புண்ணாயிட்டு. ஏழு வயசுப் பிள்ளைட்ட எங்கன்னு சொல்ல முடியுமா? பொறவு யாரும் கேக்கவுமில்ல, நாங்களும் சொல்லல."

முப்பத்து மூன்று வருடம்! ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்த செய்தி. என் கணக்கில் 1.00 இருந்த இடத்தில் இப்போது 2.61. அம்மாவின் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கிழவி வாய் திறந்தாள், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி சின்ன ஆச்சி தூங்கிய பிறகு, விளக்கடியில் அம்மா மிச்சப் பீடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமலேயே கேட்டாள்.

"ஏல, ஒன் கணக்குல ஒரு கேள்விய காணோமே?"

"எந்தக் கேள்விம்மா?"

"இப்ப கட்டி இருக்கான்னு கேக்கவே இல்லையே."

கை நிற்கவில்லை. இலையைச் சுருட்டி, நூலைக் கட்டி, அடுத்த இலையை எடுத்தாள். சித்திரையிலிருந்தே இருக்கிறதாம். சுண்டைக்காய் அளவு. வலி இல்லை. "ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரம் பீடி போச்சு. ஆனாலும் போவணும்னுதான் நெனச்சேன். நீதான் கம்மின்னு சொல்லிட்டியே!"

நண்பர்களே, அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சித்திரையிலிருந்து தள்ளிப்போட்டது அம்மாவின் கணக்கு. அந்தப் பதினெட்டு நாள் மட்டும் என் கணக்கு. புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்காக எழுதப்பட்டது. கையில் கட்டியோடு நிற்பவளுக்கு அதில் இடமே இல்லை. அமெரிக்கப் பக்கத்தில் இது யாருக்கானது, யாருக்கு ஆகாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நாங்கள்தான் ரோஸ் கலர் தேடுகிற அவசரத்தில் அதை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டோம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தென்காசி பெரியாஸ்பத்திரி. அங்கிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி. ஸ்கேன், ஊசி பயாப்ஸி, பிறகு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்கள். அந்த நாட்களைப் பற்றி எழுதத் தெரியவில்லை. செமஸ்டர் ரிசல்ட்டுக்குப் பயந்ததையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

"பைப்ரோஅடினோமா. புற்று இல்லை. ஆனா வருஷா வருஷம் வந்து காட்டணும்" என்றார் டாக்டரம்மா. அம்மா வெளியே வந்து ஒரு டீ குடித்தாள். பிறகு, "இப்ப போட்டுப் பாருல" என்றாள்.

போட்டேன். 2.61ஐ 1.70ஆல் பெருக்கி, அசாதாரண செல் பெருக்கம் இல்லை என்பதற்காக 0.93ஆலும் பெருக்கினேன். 4.13 வந்தது. "நோயில்லன்னு சொன்ன பொறவு எதுக்குல கூடுது?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி! கணக்கு அம்மாவின் கட்டியைப் பார்ப்பதில்லை. பயாப்ஸி வரை போக நேர்ந்த பெண்களில் பின்னாளில் நோய் வந்தவர்கள் சற்று அதிகம் என்ற பழைய கணக்கைத்தான் பார்க்கிறது. இன்னொன்று, 4.13 என்பது 4.13 சதவீதம் அல்ல. அதே வயதில், எல்லாவற்றிலும் 1.00 வாங்கிய பெண்ணைப்போல் இத்தனை மடங்கு என்றுதான் பொருள். அந்த 1.00க்கும் "ஆபத்தே இல்லை" என்று பொருளில்லை. இதை நான் முதல் நாளே அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் இந்த மாடலை ஒழுங்காகப் படித்தேன். 2001இல் அமெரிக்க நர்சுகள் 82 ஆயிரம் பேரிடம் இதைச் சோதித்திருக்கிறார்கள். மொத்தத்தில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதைக் கிட்டத்தட்ட சரியாகவே சொன்னது. ஆனால் நோய் வந்த ஒருத்தியையும் வராத ஒருத்தியையும் பக்கத்தில் நிறுத்தி, யாருக்கு அதிக ஆபத்து என்று கேட்டால் நூற்றுக்கு 58 தடவைதான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும்! குற்றாலத்துச் சீசனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் சாரல் உண்டு என்று யாரும் சொல்லிவிடலாம். நீங்கள் குளிக்கப் போகிற அந்த வியாழக்கிழமை அருவியில் தண்ணீர் விழுமா என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான்.

அதுவும் யாருடைய கணக்கு? முதலில் அமெரிக்க வெள்ளைக்காரப் பெண்களுடையது. 2011இல் ஆசிய வம்சாவளியினருக்கென்று திருத்தியபோதும் எடுத்துக்கொண்டது அங்கே வாழும் சீன, ஜப்பானிய, பிலிப்பினோ வம்சாவளிப் பெண்களின் விவரம். பாவூர்சத்திரத்தில் பீடி சுற்றுகிற பெண் அதில் எங்கேயும் இல்லை. "பயாப்ஸி 0" என்பதற்கு அங்கே ஒரு பொருள். இங்கே அதற்கு "டாக்டரிடமே போனதில்லை" என்றும் பொருள்.

அப்படியானால் இங்கே எது உதவும்? மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சுமார் 1,51,500 பெண்கள். கம்ப்யூட்டர் இல்லை, மாமோகிராம் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் சோதித்துப் பார்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2021இல் முடிவு வெளிவந்தது. 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே இந்நோயால் வரும் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. வயது குறைந்தவர்களிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை என்றாலும், நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது கூடியது. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை இந்தக் கைப் பரிசோதனையைத்தான் சொல்கிறது. 2022இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது, சுமார் 98,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு மதிப்பிடுகிறது.

எங்கள் பக்கத்தை மொத்தமாக மாற்றினோம். இப்போது முதல் கேள்வி அம்மாவுடையது: "மார்பிலோ அக்குளிலோ கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, தோல் உள்ளிழுத்தல், ஆறாத புண் ஏதேனும் உண்டா?" "உண்டு" என்று அழுத்தினால் கணக்கே போடாது. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்ற ஒரே வரிதான் வரும். "இல்லை" என்றால் மற்றக் கேள்விகள். உறவினர் பற்றிய கேள்விக்கு அருகே ஒரு குறிப்பு: "வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு வந்து நிரப்பவும்." கடைசியில் சதவீதத்தை எடுத்துவிட்டோம். நம் பெண்களிடம் சோதித்துப் பார்க்காத எண்ணைப் புள்ளி வைத்து இரண்டு தசமத்துக்கு அச்சடித்துக் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் எந்த வயதில், எங்கே, எதற்குப் போக வேண்டும் என்று நாலு வரி.

வைவாவில் எக்ஸ்டர்னல் புருவத்தை உயர்த்தினார். "அவுட்புட்ல நம்பரே இல்லையேப்பா! இது கால்குலேட்டரா, நோட்டீஸா?" மார்க் போனாலும் போகட்டும் என்று, அம்மா கேட்ட கேள்வியை அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் போனை நீட்டி, "லிங்க்கை இதுல அனுப்பு, வீட்டுக்கு வேணும்" என்றார். மார்க் எவ்வளவு என்பது ரகசியம். நூலக மேலாண்மை பேட்ச் எங்களைவிட இரண்டு கூடுதல் என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்!

இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் ஆச்சியோ பெரியம்மையோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, நம் குடும்பத்தில் யார் யார் எதனால் போனார்கள் என்று கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. முடியாவிட்டால் போனைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விடுங்கள்.

அம்மா அடுத்த மாதம் டாக்டரம்மாவிடம் காட்டப் போகிறாள். அன்றைக்கு உரிய ஆயிரம் பீடியை முந்தின ஞாயிறன்று நானும் அக்காவும் உட்கார்ந்து சுற்றிக் கொடுப்பதாக ஒப்பந்தம். நான் சுற்றுவதில் பாதி கழிவில்தான் போகும் என்கிறாள் அக்கா. போகட்டும்!

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு