அண்டை வீட்டு வெயில்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் போன்றோர்க்குச் சொந்த வீடு என்பது, 'இவ்வூரில் நமக்கும் இடமுண்டு' என்று கூறும் சான்று. அதனாலேயே நம் மனையின் ஒவ்வோர் அங்குலத்தையும் சுவர் எழுப்பிக் காக்க விழைகிறோம். அவ்விழைவின் மறுபக்கத்தை எனக்குக் காட்டியது, தில்லிக்கு வெகு தொலைவில், அமெரிக்காவில் நடந்த ஒரு கார் கொட்டகை விவகாரம்.

2014-ஆம் ஆண்டுக் கோடையில், ஒகையோ மாநிலத்தில் வாழும் என் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் அவ்வூர் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் 900 சதுர அடியில் கார் கொட்டகை கட்ட விரும்புகிறார்; விதி அனுமதிப்பதோ 600. வேலியருகே விடவேண்டிய இடைவெளியையும் குறைத்துக் கேட்கிறார். ஆட்சேபம் உண்டெனில் விசாரணைக்கு வந்து கூறலாம் என்பது கடிதத்தின் சாரம். அக்கொட்டகை எழுந்தால் மகளின் தக்காளிப் பாத்திக்குக் காலை வெயில் கிட்டாது.

"வந்த இடத்தில் நமக்கு எதற்கம்மா வம்பு?" என்று தடுத்தேன்.

"அவர்களே கேட்டிருக்கிறார்களே அப்பா, பதில் சொல்ல வேண்டாமா?" என்றாள்.

இவ்விதிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. உயர்ந்த மாளிகைகள் தெருவின் வெளிச்சத்தை விழுங்கக் கண்ட நியூயார்க் நகரம், 1916-இல் ஊர் முழுமைக்குமாக மண்டல விதிகளை வகுத்தது. சொந்த நிலத்தில் இவ்வாறு தலையிடலாமா என்ற வழக்கு, இதே ஒகையோவின் யூக்ளிட் என்னும் ஊரிலிருந்து எழுந்தது. விதிகள் செல்லும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1926-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரே விதி எல்லா மனைகளுக்கும் பொருந்தாதன்றோ? ஆகவே விலக்குக் கேட்கவும் வழி வைத்தார்கள். அளவையும் இடைவெளியையும் பற்றிய விலக்குகளில் நோக்க வேண்டியவற்றை ஒகையோ உச்சநீதிமன்றம் 1986-இல் எடுத்துரைத்தது. கேட்கும் விலக்கு பெரிதா? அண்டை மனைகளுக்குக் கேடு விளையுமா? விதியை அறிந்தே மனையை வாங்கினாரா? வேறு வழியில் சிரமம் தீருமா? இவை போன்ற கேள்விகள் அவை.

விசாரணை நம்மூர்ப் பஞ்சாயத்தை நினைவூட்டியது. நடக்க இயலாத தம் மனைவியைச் சக்கர நாற்காலியோடு ஏற்றி இறக்க அகன்ற வண்டி வாங்கியிருப்பதாகவும், பனிக்காலத்தில் கூரைக்கு அடியிலேயே அவரை இறக்க வேண்டியிருப்பதாகவும் மனுதாரர் கூறினார். மகளின் முகம் வாடியது. அதன்பின் தக்காளியைப் பற்றிப் பேசவே கூசினாள். ஆயினும் எழுந்து, "கொட்டகை அகலமாகவே இருக்கட்டும், வேலியை விட்டுச் சற்றுத் தள்ளிக் கட்டலாகாதா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சிறிது நேரம் யோசித்தார். பின்புறம் திட்டமிட்டிருந்த தச்சுப் பட்டறையை விட்டுவிட இசைந்தார். 720 சதுர அடிக்கு அனுமதி கிடைத்தது. வேலியோர இடைவெளி விதிப்படியே நின்றது. வெளியே வந்ததும் அவரே மகளிடம் வந்து கைகுலுக்கினார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1987-இல் தில்லியில், என் வீட்டின் பக்கவாட்டில் காலியாக விடவேண்டிய இடத்தில் நானும் ஒரு கார் கொட்டகை கட்டினேன். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார் தம் முற்றத்தில் மாங்காய்த் துண்டுகளும் வடகமும் காயவைத்துவந்த வெயில் அதனால் மறைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர் அபராதம் கட்டி அதனை முறைப்படுத்திக்கொண்டேன். ரசீது இன்றும் பத்திரமாக இருக்கிறது. வெயிலை இழந்தவரை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும், முதுமையால் தளர்ந்திருந்த அவரிடம் சென்றேன். "மாதாஜி, அன்று தங்களைக் கேளாமல் கட்டிவிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "கேட்டிருந்தால் கட்டிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், பாய் சாஹிப். நீங்கள் கேட்கவில்லையே என்பதுதான் இத்தனை நாளும் மனத்தில் இருந்தது" என்றார்.

விதி விடச் சொல்லும் அச்சில அடி நிலம், அண்டை வீட்டாருக்கு நாம் தரவேண்டிய காற்றும் வெயிலும் ஆகும். அதைக் குறைக்குமுன் கேட்க வேண்டியது அவரையே.

மறுமாதமே தகரக் கூரையையும் சுவரின் மேற்பகுதியையும் இறக்கிவிட்டேன். கார் வெயிலில் நின்றது. அடுத்த கோடையில் அவ்வீட்டிலிருந்து ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாய் வந்தது.