பொம்மைகள் நடித்த படம்

சில படங்களைச் சிரிக்காமல் பார்க்க இயலாது. 1963-இல் வெளிவந்த 'ஜேசனும் ஆர்கோ வீரர்களும்' என்னும் ஹாலிவுட் படம் அவற்றுள் ஒன்று. கிரேக்க வீரர்கள் தங்க ஆட்டுத்தோலைத் தேடிக் கடல் கடந்து செல்லும் கதை. நாயகன் டாட் ஆம்ஸ்ட்ராங் மரம்போல் நிற்கிறார். அவருக்குக் குரல் கொடுத்தவரும் வேறொருவர்! நாயகி நான்சி கோவக்குக்கும் இரவல் குரல்தான்.

ஆயினும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. மனிதர்கள் பொம்மைகளாய் நிற்க, பொம்மைகள் நடிக்கின்றன. அவற்றை நடிக்க வைத்தவர் ரே ஹாரிஹவுசன் (1920–2013). உலோக மூட்டுகள் கொண்ட சிறு பொம்மையைச் சற்றே நகர்த்தி ஒரு படம் எடுப்பார். மீண்டும் நகர்த்தி இன்னொன்று. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் வேண்டும். ஏழு எலும்புக்கூடுகள் வாளேந்திப் போரிடும் இறுதிக் காட்சி சில நிமிடங்களே. அதற்கு நான்கரை மாதங்கள் பிடித்தனவாம். (நம் மாணவர்களின் கையெழுத்துப் பயிற்சியை எண்ணிப் பெருமூச்சு விட்டேன்!)

ஆண்டிறுதியில் பாடங்கள் முடிந்தபின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இப்படத்தைத் திரையிட்டேன். தாலோஸ் என்னும் மாபெரும் வெண்கலச் சிலை உயிர்பெற்றுக் கிறீச்சென்று தலையைத் திருப்பியதும் வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னர் ஜேசன் அதன் குதிகாலிலுள்ள மூடியைத் திறக்கிறான். உயிர்நீர் ஆவி பறக்க வெளியேறுகிறது. தாலோஸ் மூச்சுத் திணறுவதுபோல் தொண்டையைப் பற்றிக்கொள்கிறான். வெண்கல முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சிரிப்பு அடங்கிவிட்டது.

"பாவம் டீச்சர், இவங்கதானே திருடுனாங்க?" என்றான் ஒரு மாணவன்.

உண்மைதான். உணவும் நீரும் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்று ஹீரா தேவி எச்சரித்திருந்தாள். ஹெர்குலிஸ் கருவூலத்திற்குள் புகுந்து பெரிய ஊசி ஒன்றை எடுத்து வந்தான். தாலோஸ் வெறும் காவலாளி. படத்தில் எவரும் அவனுக்காக வருந்துவதில்லை.

பள்ளி நேரத்தில் ஆங்கிலப் படமா என்று பெற்றோர் ஒருவர் வினவினார். நியாயமான கேள்வியே. மறுநாள் மாணவர்கள் எழுதிய தன்கதையை அவரிடம் காட்டினேன். 'நான் ஓர் எழுதுகோல்' என்று தொடங்கிக் குப்பைத் தொட்டியில் முடியும் தன்கதைகளைத் திருத்தித் திருத்திச் சலித்தவள் நான். இம்முறை பலர் தாலோஸாகவே பேசியிருந்தனர். "முதலில் கால் சில்லிட்டது, பிறகுதான் எனக்கும் உயிர் இருந்தது தெரிந்தது" என எழுதியிருந்தாள் அவருடைய மகள்.

எலும்புக்கூட்டுக் காட்சியில் சிறுபிள்ளைகள் அஞ்சக்கூடும். வீட்டில் பார்ப்பதானால் உடன் அமர்ந்து பாருங்கள்.