அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி

 

போன வாரம் என் தங்கை பேரன் அந்தமானுக்குச் சுற்றுலா போயிருந்தான். அங்கிருந்து வீடியோ காலில் கூப்பிட்டு, "பாட்டி, நீங்க வேலை பார்த்த ஊருக்கு வந்திருக்கேன். பெரிய சங்கு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்றான். "வேணாம்யா, நீ பத்திரமா வந்தாப் போதும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பல வருஷமாக மனசில் கிடக்கும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1984ல் சென்னையில் கப்பலேறி மூன்றாம் நாள் போர்ட் பிளேரில் இறங்கினேன். இப்போது அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். தமிழ் வழி வகுப்புகளில் பாடம் எடுத்தேன். புத்தகத்தில் ஏரி, கண்மாய், கரும்பு, பருத்தி எல்லாம் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கடலைப் பற்றி ஒரு வரி இருக்காது. இருப்பதை அப்படியே நடத்தினேன்.

வருஷா வருஷம் பள்ளியில் பொருட்காட்சி வைப்போம். "கடலிலிருந்து எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள், பெரிசாகக் கொண்டு வருபவருக்குப் பரிசு" என்று சொன்னது நான்தான். பிள்ளைகள் சங்கும் சிப்பியும் கூடை கூடையாகக் கொண்டு வந்தார்கள். சிலர் தண்ணீர் வற்றும் நேரம் இறங்கிப் பவளத்தையே உடைத்து எடுத்து வந்தார்கள். அதைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காயவைத்து, வெள்ளை வெளேரென்று கண்ணாடி அலமாரியில் அடுக்கினோம். பார்க்க வந்த அதிகாரிகள் எல்லாம் பாராட்டினார்கள்.

ஒருமுறை ஊறப்போட்ட வாளிப் பக்கத்தில் நின்று நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "கல்லுன்னா ஏன் டீச்சர் நாத்தம் அடிக்குது? அதுக்கு உயிர் இருந்துச்சா?"

"அதெல்லாம் கல்லுதான். போய் உட்காரு" என்று அதட்டினேன். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் ஓடிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. அது கழித்துச் சில வருஷத்தில் ஆசிரியர்களை வண்டூருக்கு ஒரு முகாமுக்கு அழைத்துப் போனார்கள். போகிற வழியில் சிப்பிகாட். வயலும் தென்னையுமாக இருந்த இடம். நிலம் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்து, கடல் உள்ளே வந்து அப்படியே நின்றுவிட்டது. பஸ்ஸில் யாரும் பேசவில்லை.

வண்டூரில்தான் ஏனெட் இருக்கிறது. அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழு என்பதன் சுருக்கம். மாமல்லபுரம் போகிற வழியில் முதலைப் பண்ணை பார்த்திருப்பீர்களே, அதை நடத்தும் அறக்கட்டளைதான் 1990 வாக்கில் இதைத் தொடங்கியது. இப்போது தக்ஷின் என்ற அமைப்பும் சேர்ந்து நடத்துகிறது. லாப நோக்கம் கிடையாது. கடலாமை, பவளம், காடு பற்றி ஆராய்ச்சி செய்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். லிட்டில் அந்தமானில் முட்டையிட வந்த லெதர்பேக் ஆமைகளின் முதுகில் கருவி பொருத்திப் பார்த்ததில் சில ஆஸ்திரேலியா பக்கமும், சில ஆப்பிரிக்கா பக்கமும் நீந்திப் போயிருக்கின்றன. அந்த வேலையில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

அங்கே வேலை செய்பவர்களில் கரேன் இனத்தவர் உண்டு. 1925ல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழி வந்தவர்கள். அப்படி ஒருவர் தண்ணீர் வற்றும் நேரம் எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். "எதையும் எடுக்க வேண்டாம், பார்த்து எண்ணிக்கொண்டு வாருங்கள்" என்று இந்தியில் சொன்னார். ஓரிடத்தில் குனிந்து காட்டினார். ஒரு துறவி நண்டு. அதற்குச் சொந்த ஓடு கிடையாது, காலிச் சங்கைத் தேடி அதற்குள் குடியிருக்கும். அந்த நண்டு ஒரு பாட்டில் மூடியை முதுகில் சுமந்துகொண்டு போனது.

எனக்கு எங்கள் பள்ளி அலமாரி ஞாபகம் வந்தது. எத்தனை வீட்டை அடுக்கி வைத்திருந்தேன்!

மாலை வகுப்பில் பவளம் பற்றிச் சொன்னார்கள். அது கல் இல்லை. சின்னச் சின்ன உயிர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து கட்டுகிற வீடு. உருண்டையான மூளைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். தலை அளவு பவளத்துக்கு வயசு பத்து இருபது வருஷம் இருக்கும். நான் பரிசு கொடுத்த பிள்ளையைவிட அந்தப் பவளத்துக்கு வயசு கூட. 2001லேயே பவளம் அத்தனையும் புலிக்குச் சமமாக வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். அதுவும் எனக்கு அன்றுதான் தெரியும்.

அந்த நாற்றம் உயிர் அழுகுகிற நாற்றம். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்தது டீச்சருக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து அலமாரிக்குப் புதிதாக எதையும் சேர்ப்பதை நிறுத்தினேன். ஓய்வு பெறும்வரை பிள்ளைகளைக் கடற்கரைக்கு வெறுங்கையோடு கூட்டிப் போய், நோட்டில் வரைந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினோம். கடைசி சில வருஷம் என்னிடம் படித்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். முன்னால் படித்தவர்களுக்கு அந்தப் பரிசுதான் ஞாபகம் இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்று நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியலடா, நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மரியாதை குறைந்துவிடாது. அந்தமான் போகிற உறவுகள் எனக்குப் பவளமோ சங்கோ கொண்டு வர வேண்டாம். போட்டோ அனுப்பினால் போதும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பது வயசு இருக்கலாம். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. இதைப் படித்தால் ஒரு வரி எழுதம்மா. உயிர் இருந்தது. நீ கேட்டது சரி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்