கரக்பூரில் ஒரு பலாமரம்

கரக்பூர் என்றவுடன் 1,072 மீட்டர் நீளமுள்ள அதன் பிளாட்பாரமே பலருக்கும் நினைவுக்கு வரும். உலகிலேயே மிக நீண்டது என்ற பெருமை அதற்கு நெடுங்காலம் இருந்தது. அப்பெருமை 2013-இல் கோரக்பூருக்கும், 2023-இல் ஹூப்ளிக்கும் சென்றுவிட்டது. பெருமைக்கும் மாற்றல் உண்டு போலும்! எனக்கோ கரக்பூர் என்றால் செம்மண்ணும் பலாமரமுமே.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்கு ஒதுக்கப்பெற்ற ரயில்வே குடியிருப்பின் கொல்லையில் முதிர்ந்த பலாமரம் ஒன்று நின்றது. நட்டவர் யாரென அண்டை அயலில் எவரும் அறியார். நம்மைப் போல் மாற்றலில் வந்து, மாற்றலில் சென்ற ஒருவராகவே இருத்தல் வேண்டும்.

முதல் ஆண்டு, சிறு பிஞ்சுகள் போன்றவை கறுத்து உதிரக் கண்டு நோயென அஞ்சினேன். அவை ஆண் பூங்கொத்துகள். மகரந்தம் சிந்தியபின் விழுவது இயல்பே. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் தோன்றும் பெண் பூங்கொத்துகளே காயாகின்றன. பண்ருட்டிப் பக்கத்தவனாகிய எனக்குப் பலா என்றால் பழந்தான். அடுத்த வீட்டு வங்காள மூதாட்டியோ பிஞ்சைக் காட்டி, "இது எஞ்சோர், இறைச்சிக்கு நிகர்" என்றார். என் மனைவி 'மாசிமா' என்றழைக்கும் அவர், உருளைக்கிழங்கும் இஞ்சியும் சேர்த்து அதைச் சமைக்கக் கற்பித்தார். நம் பலாமூசுக் கறிக்கு அது உடன்பிறப்பு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மகள் ஒரு கொட்டையை ஊன்றினாள். பலாக்கொட்டை காத்திருக்காது, பழத்தினின்று எடுத்த சில வாரங்களுக்குள் ஊன்றாவிடில் முளைப்புத்திறன் குன்றிவிடும். ஆணிவேர் ஊறு பொறாது. ஆதலால், மரம் நிற்கவேண்டிய இடத்திலேயே நேரே ஊன்றுதல் நலம். நீர் தேங்கலாகாது. இன்று அம்மரம் என் தலைக்கு மேல் வளர்ந்துள்ளது, இன்னும் காய்க்கவில்லை.

இந்த ஆனியில் சக்ரதர்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. "அப்பா, என் மரத்தைத் தோண்டி எடுத்துப் போகலாமா?" என்றாள் மகள். ஆணிவேர் அறுந்தால் அது பிழையாது என்றேன். அவள் அழுதாள். அவளைப் பெரிய மரத்தடிக்கு அழைத்துச் சென்று, "இதை நட்டவர் இதன் பழத்தை உண்டாரா, அம்மா?" என்று கேட்டேன். நெடுநேரம் அவள் பேசவில்லை.

மறுநாட் காலை, பழுத்த பழத்தின் கொட்டைகளைக் கழுவி, ஈரமணல் நிறைந்த டப்பாவில் அவளே இட்டு வைத்தாள். ஏழு கொட்டைகள். மழைக்காலம் முடியுமுன் அவை புதிய மண்ணைக் காணவேண்டும். அன்பர்களே, மாற்றலுக்கு அஞ்சி மரம் நடாதிருத்தல் வேண்டா!